கல்தளம்: மேஸ்திரியிடம் விடுவதா, நாமே பதிப்பதா?

வீட்டுத் தரைக்குக் கல் போடுவது என்று முடிவானதும் எழும் அடுத்த கேள்வி கூலியைப் பற்றியதாகவே இருக்கிறது. கடையில் கல்லின் விலையைக் கேட்டுக்கொண்டு வந்து, அதனுடன் பதிக்கும் கூலி, சிமென்ட், மணல், பாலீஷ் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்க்கும்போது, கல்லுக்குக் கொடுக்கும் பணத்துக்கு ஏறக்குறைய இணையான தொகையை அதைத் தரையில் ஒட்டவைப்பதற்கும் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்ற மலைப்பு வந்துவிடுகிறது. கட்டிங் மெஷினும் டைமண்ட் பிளேடும் வீட்டு வாசலுக்கே வந்து சேரும் காலம் இது. பதிக்கும் விதத்தைக் காட்டும் காணொளிகளுக்கும் குறைவில்லை. சொன்ன தேதியில் வராத மேஸ்திரிக்காகக் காத்திருந்து அலுத்தவர்கள், நாமே செய்தால் என்ன என்று நினைப்பதில் வியப்பில்லை.

நான் இரண்டையும் செய்து பார்த்தவன். திருச்சிக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில் கூடத்தையும் சமையலறையையும் மேஸ்திரி பதித்தார். பின்புறத் தாழ்வாரத்தை நானே பதித்தேன். இரண்டுமே கோட்டா கல். ஆண்டுகள் சில கழிந்தபின், இரண்டு தளங்களின் மேலும் நாள்தோறும் நடந்து பழகிய நிலையில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடிகிறது. மேஸ்திரியா நாமா என்பதை வீடு முழுமைக்கும் ஒரே விடையாக முடிவு செய்யக் கூடாது. அறை அறையாக, பிழை நேர்ந்தால் அதைப் பெயர்த்துத் திருத்த முடியுமா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். பணம் இந்தக் கணக்கில் இரண்டாவதாகத்தான் வருகிறது.

முதலில் கல்லுக்கும் கடையில் பெட்டியில் வரும் டைல்ஸுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். காணொளிகளில் பெரும்பாலும் காட்டப்படுவது டைல்ஸ் வேலை என்பதால் இந்த வேறுபாடு பலருக்கும் கண்ணில் படுவதில்லை. ஆலையில் வார்த்த டைல்ஸ் எல்லாம் ஒரே கனம். பசையைச் சீராகப் பரப்பி ஒட்டினால் மேல்மட்டம் தானாகச் சமமாகிவிடும். சுரங்கத்திலிருந்து பிளந்தெடுத்த கல் அப்படியல்ல. ராஜஸ்தானின் கோட்டா மாவட்டத்திலிருந்து வரும் கோட்டா கல்லும், ஆந்திரத்தின் கடப்பா, கர்னூல் பகுதிகளிலிருந்து வரும் கடப்பா கல்லும், தெலங்கானாவின் தாண்டூர்க் கல்லும் படிவுப் பாறையான சுண்ணாம்புக்கல் வகை. அடுக்கடுக்காகப் பிளந்து வருவதால், ஒரே கட்டில் வந்த இரண்டு கற்களுக்கிடையே ஐந்து மில்லிமீட்டர் வரைகூடக் கன வேறுபாடு இருக்கும். ஒரே கல்லின் இரண்டு முனைகள்கூடச் சமமாக இராது. ஆகவே மேல்பக்கத்தை மட்டமாக்கும் வேலை முழுவதையும் அடியிலுள்ள கலவைதான் செய்தாக வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் அதற்கென்று தனியாகப் படுக்கை அமைத்துக் கொடுக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

அடுத்தது எடை. இரண்டடிக்கு இரண்டடி, 25 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு கோட்டா கல் ஏறத்தாழ 25 கிலோ இருக்கும். நூறு சதுர அடிக்கு இப்படி 25 கல் தேவை. அறுநூறு கிலோவுக்கு மேல். அதற்கு அடியில் நாற்பது மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு பங்கு சிமென்டுக்கு ஐந்து பங்கு மணல் என்ற கலவை போட்டால், சுமார் மூன்று மூட்டை சிமென்டும் பதினான்கு கன அடி மணலும் பிடிக்கும். கல்லையும் கலவையையும் சேர்த்தால் சதுர அடிக்குப் பதினான்கு கிலோ வருகிறது. 150 சதுர அடி அறையில் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட பாரம் புதிதாக ஏறுகிறது. தரைத்தளத்தில் இது ஒரு பொருட்டல்ல. மாடியில், அதுவும் பழைய தளத்தைப் பெயர்க்காமல் அதன்மேலேயே கல்லைப் பதிக்க நினைப்பவர்கள், குடியிருப்பு அறைகளுக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 எடுத்துக்கொள்ளச் சொல்லும் நடமாட்டப் பாரமே (ஆட்கள், சாமான்களின் பாரம்) சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோதான் என்பதையும், கல்லும் கலவையுமாகச் சேர்ந்து மட்டும் 150 கிலோ வந்துவிடுகிறது என்பதையும் மனத்தில் கொண்டு, பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இந்தக் கேள்வியை மேஸ்திரியும் பெரும்பாலும் கேட்கமாட்டார். வீட்டுக்காரர்தான் கேட்க வேண்டும். தளம் இரண்டரை அங்குலம் உயரும்போது கதவுகள் உரசும், மாடிப்படியின் முதல் படி குட்டையாகும் என்பதும் இதனோடு சேர்ந்த விஷயம்.

தேர்ந்த கை கல் பதிப்பதை அருகிலிருந்து பார்த்தால், எதற்காகக் கூலி கொடுக்கிறோம் என்பது விளங்கிவிடும். எங்கள் கூடத்தில் வேலை செய்த மேஸ்திரி, கையில் எடுத்து அழுத்தினால் உருண்டை பிடிக்கும் ஆனால் விரல்களுக்கிடையே நீர் கசியாத ஈரத்தில் கலவையைப் பரப்பி, கரண்டியின் விளிம்பால் மேலே கோடு கோடாகக் கீறிவிடுவார். கல்லைச் சித்தாளுடன் சேர்ந்து தூக்கி அதன்மேல் இறக்கி, ரப்பர் சுத்தியால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தட்டி, கட்டியிருக்கும் நூலுக்குச் சரியாகக் கொண்டுவருவார். புதியவர்கள் இத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். அவரோ அந்தக் கல்லை மறுபடியும் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டு, கலவையில் பதிந்திருக்கும் தடத்தைக் குனிந்து பார்ப்பார். கல் தொட்ட இடம் வழவழப்பாக அமுங்கியிருக்கும். தொடாத இடத்தில் கரண்டிக் கீறல் அப்படியே நிற்கும். அந்த இடத்தில் ஒரு பிடி கலவையைத் தூவி நிரப்பி, நீரில் கரைத்த சிமென்ட் பாலை ஒரு குவளையால் பரவலாக ஊற்றி, கல்லின் முதுகையும் ஈரத் துணியால் துடைத்தபின்தான் இரண்டாவது முறை இறக்குவார். சில கற்களை மூன்று முறை தூக்கினார். 25 கிலோ கல்லை ஒரு நாளில் எத்தனை முறை தூக்கி இறக்கியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தபோதுதான் அவர் கேட்ட கூலி எனக்குச் சிறிதும் மிகையாகத் தோன்றவில்லை.

இந்த இரண்டாவது தூக்கலைத் தவிர்த்துவிட்டால் கல்லுக்கு அடியில் வெற்றிடம் தங்கிவிடும். பதித்த அன்று அது தெரியாது. பிறகு ஒரு நாள் கிரைண்டரையோ பீரோவையோ அந்த இடத்தில் இழுத்து வைக்கும்போது கல் குறுக்காக விரிசல் விடும். நாமே பதித்தாலும், ஆள் வைத்துப் பதித்தாலும், கல்தளத்தில் நேரும் கெடுதலில் பெரும்பகுதி இந்த ஓர் இடத்திலிருந்துதான் வருகிறது.

பணக்கணக்குக்கு வருவோம். என் தாழ்வாரம் பத்துக்கு எட்டு, அதாவது எண்பது சதுர அடி. அதற்கு மட்டும் தனியாகச் சதுர அடிக்கு 45 ரூபாய் கூலி கேட்டார்கள். மொத்தம் 3,600 ரூபாய். சிறிய வேலைக்குக் கூலி வீதம் கூடுதலாகத்தான் கேட்பார்கள். ஒரு நாள் வேலைக்காகக் கருவிகளையெல்லாம் கொண்டுவந்து போக வேண்டியிருப்பதால் அதில் நியாயமும் உண்டு. நானே செய்வது என்று இறங்கியபின் கட்டிங் மெஷின், இரண்டு டைமண்ட் பிளேடு, நான்கடி ரசமட்டம், ரப்பர் சுத்தி, கரண்டிகள், மூலைமட்டம், கையுறை, முகக்கவசம் என்று வாங்கியதில் ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் போயிற்று. வெட்டும்போது மூன்று கற்கள் உடைந்தன. மேஸ்திரியும் சித்தாளும் ஒரே நாளில் முடித்திருக்கக்கூடிய வேலை எனக்கு நான்கு வார இறுதிகளை எடுத்துக்கொண்டது. எனவே முதல் வேலையில் நாமே பதித்து மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். கருவிகளை அடுத்த வேலைக்கும் பயன்படுத்தப் போகிறவருக்கும், இரவல் கிடைக்கும் வாய்ப்புள்ளவருக்கும், இருநூறு முந்நூறு சதுர அடியைத் தாங்கும் உடலும் நேரமும் உள்ளவருக்கும்தான் கூலி மிச்சமாகும்.

பணம் மிச்சமாகாதபோது நானே செய்ததற்குக் காரணம் என்ன? எண்பது சதுர அடி வேலைக்கு நல்ல மேஸ்திரிகள் வருவதில்லை என்பது ஒன்று. பெரிய வேலைகளுக்கிடையே ஒரு நாள் ஒதுக்கி வருவதாகச் சொல்லிவிட்டு, வாரக்கணக்கில் தள்ளிக்கொண்டே போவார்கள். இன்னொன்று, அந்தத் தாழ்வாரம் தவறு செய்து கற்றுக்கொள்ள ஏற்ற இடமாக இருந்தது. நான்கு பக்கமும் நேரான சுவர். நடுவில் தூண் இல்லை, நீர்க்குழாய் இல்லை. ஒரே பக்கமாக முற்றத்தை நோக்கி வாட்டம் கொடுத்தால் போதும். ஒரு கல் சரியில்லை என்றால் அன்று மாலையே பெயர்த்து மறுபடியும் வைக்கலாம். அப்படி நான்கு கற்களைப் பெயர்த்தும் வைத்தேன்.

வாட்டம் என்ற சொல்லில்தான் இந்த ஒப்பீட்டின் மிகக் கடினமான பகுதி அடங்கியிருக்கிறது. மட்டமான தளத்தைப் பதிப்பது ஒன்று. நீர் வடியும்படி சாய்ந்த தளத்தைப் பதிப்பது வேறொன்று. குளியலறையில் நான்கு பக்கத்திலிருந்தும் நீர் ஒரே துளையை நோக்கி இறங்க வேண்டும். அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் என்பது வழக்கமான வாட்டம். அதைக் குறைத்தால் நீர் தேங்கும், மிகவும் கூட்டினால் நிற்பவருக்குக் கால் வழுக்கும். பெரிய கல்லை இரண்டு திசையில் சாய்க்க முடியாது என்பதால் துளையைச் சுற்றிக் கல்லைச் சிறு துண்டுகளாகவோ முக்கோணமாகவோ வெட்டியாக வேண்டும். கதவோரக் கல் மற்றவற்றைவிட உயர்ந்தே இருக்க வேண்டும். ஆனால் கூடத்தைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் அடியில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இருக்கிறது. கல்லைப் பெயர்த்தால் அதுவும் சேர்ந்து கிழியும்.

இது ஆள் வைத்தால் தீர்ந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. எங்கள் வீட்டின் முதல் குளியலறையை, சதுர அடிக் கூலிக்கு வந்த ஓர் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் பதித்தார்கள். பார்ப்பதற்கு நூல் பிடித்தாற்போல் இருந்தது. குளித்து முடித்தபின் கதவோரத்தில் உள்ளங்கையகல நீர் எப்போதும் நின்றது. ஆறு மாதத்தில் கதவு நிலையின் அடிப்பகுதி ஊறி உப்பியது. இறுதியில் ஒன்பது கற்களை உடைத்துப் பெயர்த்து, கசிவுத் தடுப்பையும் புதிதாகப் பூசி, வேறொருவரைக் கொண்டு மறுபடியும் பதிக்க வேண்டியதாயிற்று. இரண்டாவதாக வந்தவர் செய்த ஒரு காரியத்தை எல்லாருக்கும் சொல்ல விரும்புகிறேன். நான்கடி ரசமட்டத்தின் ஒரு முனைக்கு அடியில் சரியாக அரை அங்குலக் கனமுள்ள மரத்துண்டைக் கட்டிவைத்திருந்தார். அந்த முனையைத் துளையின் பக்கமாக வைத்துக் கல்லின்மேல் இருத்தினால், குமிழி நடுவில் நின்றால் வாட்டம் அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் சரியாக இருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு கல்லையும் இப்படிப் பார்த்தபின்தான் அடுத்த கல்லுக்குப் போனார். ஆக, குளியலறையைப் பொறுத்தவரை என் கருத்து தெளிவானது: அதை நாமே பதிக்கத் துணியக் கூடாது; ஆள் வைத்தாலும் ஒரு வாளி நீரை ஊற்றிப் பார்க்காமல் கணக்கை முடிக்கக் கூடாது.

பாலீஷ் பற்றிய முடிவு கல் வாங்கும்போதே எடுக்கப்பட வேண்டியது. பலரும் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். கோட்டா கல் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. பாலீஷ் செய்யாத கல்லை வாங்கிப் பதித்து, கலவை நன்றாக இறுகியபின் மெஷினால் தேய்ப்பது ஒரு முறை. ஆலையிலேயே பாலீஷ் செய்து விளிம்பு வெட்டி வந்த கல்லைப் பதிப்பது இன்னொரு முறை. இரண்டாவது எளிது என்று கருதி, நாமே செய்ய நினைப்பவர்கள் அதையே வாங்குகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அது தவறான தேர்வு. பாலீஷ் ஆன கல்லில் ஒரு விளிம்பு பக்கத்துக் கல்லைவிட ஒரு மில்லிமீட்டர் தூக்கி நின்றால் அது அப்படியே நிற்கும். காலில் இடறும், ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது நிழல்கோடாகத் தெரியும். பாலீஷ் செய்யாத கல்லில் அந்த ஏற்றத்தாழ்வை மெஷின் தேய்த்து எடுத்துவிடும். 60, 80 என்ற கரடான எண்ணில் தொடங்கி 400க்கு மேல் வரை மெஷினில் பூட்டும் தேய்ப்புக்கல்லை மாற்றி மாற்றித் தேய்க்கும்போது, புதியவர் கையில் நேர்ந்த சிறு பிழைகள் பலவும் கரைந்துபோகின்றன. ஆகவே பதிப்பதை நாமே செய்து, பாலீஷை மட்டும் தொழில்முறை ஆளிடம் விடுவது நல்ல பங்கீடு. பாலீஷ் மெஷினை நாமே வாடகைக்கு எடுத்து ஓட்டுவதை நான் பரிந்துரைக்கவில்லை. ஒரே இடத்தில் சற்று அதிக நேரம் நின்றாலும் பள்ளம் விழுந்துவிடும். தேய்க்கும்போது தெறிக்கும் சேறு சுவரில் ஓரடி உயரத்துக்கு ஏறும் என்பதால், கடைசிப் பூச்சு பெயின்ட் பாலீஷுக்குப் பின்புதான் அடிக்கப்பட வேண்டும்.

கிரானைட்டும் மார்பிளும் வேறு கதை. எட்டடிக்கு இரண்டரை அடி, 18 மில்லிமீட்டர் கிரானைட் பலகை ஒன்று தொண்ணூறு கிலோவைத் தொடும். அதைத் தூக்குவதற்கே நான்கு பேர் வேண்டும். அதன் கடினத்துக்குச் சிறு கட்டிங் மெஷினில் நேராக வெட்டுவதும் எளிதல்ல. வெள்ளை மார்பிளுக்கு அடியில் சாதாரண சிமென்ட் பாலை ஊற்றினால் சாம்பல் நிறம் கல்லின் வழியே மேலே தெரியும். வெள்ளை சிமென்ட் வேண்டும். ஒரு கறை விழுந்தாலும் மாற்றுக்கல் கிடைப்பது அரிது. இந்த இரண்டையும் நாமே பதிப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நாமே பதிப்பதற்கு ஏற்ற கல் என்று கேட்டால், இரண்டடிக்கு மேற்படாத கோட்டா அல்லது தாண்டூர் என்பேன். சுண்ணாம்புக்கல் மென்மையானது, பிளேடு எளிதில் இறங்கும், விளிம்பு உடைந்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். கடப்பா கல் விலை மலிவுதான் என்றாலும், வெயிலும் மழையும் படும் இடத்தில் செதில் செதிலாக உரியும் தன்மையுடையது. உள்ளே மட்டும் போடலாம்.

உடல்நலத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டை எழுதுவது நேர்மையாகாது. கல்லை உலர வெட்டும்போது பறக்கும் தூசில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. கிரானைட்டில் அதன் பங்கு மிக அதிகம். அது நுரையீரலில் தங்கினால் வெளியேறுவதில்லை. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களுக்குச் சிலிக்கோசிஸ் என்ற மீளாத நோய் வருகிறது. நாம் நான்கு நாள் வெட்டுவதால் அந்த நிலைக்குப் போகமாட்டோம் என்றாலும், மூடிய அறைக்குள் உலர வெட்டக் கூடாது. திறந்த வெளியில், பிளேடின் மேல் நீர் விழும்படி ஒருவர் ஊற்றிக்கொண்டிருக்க, N95 வகை முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து வெட்ட வேண்டும். மின்கருவியும் நீரும் ஒன்றாக இருக்கும் இடத்தில், மின்கசிவில் தானாக அணையும் பிரேக்கர் உள்ள இணைப்பிலிருந்தே மின்சாரம் எடுக்க வேண்டும். ஈர சிமென்ட் காரத்தன்மை மிக்கது. வெறுங்கையுடன் ஒரு நாள் முழுவதும் அளைந்தால் விரல் நுனிகள் புண்ணாகும். நம் வீட்டில் வேலை செய்ய வருபவர் துண்டை மட்டும் முகத்தில் கட்டிக்கொண்டு கூடத்துக்குள் உட்கார்ந்து கிரானைட் வெட்டுகிறார் என்றால், அவருக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுத்து வெளியே வெட்டச் சொல்வது நம் பொறுப்பு. கூலி பேசும்போது யாரும் பேசாத செலவு அது. அவருடைய நுரையீரல் சுமக்கும் செலவு.

ஆள் வைப்பது என்று முடிவு செய்தவர்கள் அடுத்து, எந்த முறையில் வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். சதுர அடிக் கூலியில் செலவு முன்கூட்டியே தெரியும். ஆனால் எவ்வளவு விரைவாக முடிக்கிறார்களோ அவ்வளவு அவர்களுக்கு இலாபம் என்பதால், இரண்டாவது முறை கல்லைத் தூக்கும் பொறுமை முதலில் போய்விடும். நாள் கூலியில் வேலை நிதானமாக நடக்கும். நாம் அருகில் இல்லாவிட்டால் நாட்கள் நீளும். பொருளும் கூலியும் சேர்த்து மொத்த ஒப்பந்தமாக விடும்போது கலவையில் சிமென்ட் குறையும் அபாயம் இருக்கிறது. நாள் முழுவதும் வீட்டில் இருக்க முடிந்தவருக்கு நாள் கூலியே நல்லது. இல்லாதவர் சதுர அடிக் கூலிக்கு விடலாம். ஆனால் பொருளைத் தாமே வாங்கிக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு கல்லையும் தூக்கிப் பார்த்து வைக்க வேண்டும் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். அவர் பதித்து இரண்டு மூன்று ஆண்டு ஆன வீடு ஒன்றைப் பார்க்கக் கேட்பது, நேற்று முடித்த வீட்டைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது. புதிய தளம் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கே சேர வேண்டும். வேலை முடிந்ததும் சிமென்ட் கறையைப் போக்கக் கழிவறை ஆசிட்டை ஊற்றித் தேய்ப்பது பலருக்கும் பழக்கம். செராமிக் டைல்ஸ் அதைத் தாங்கலாம். கோட்டா, கடப்பா, மார்பிள் ஆகிய மூன்றும் கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்ட இடம் நுரைத்து அரிக்கப்பட்டு வெளிறிவிடும். எங்கள் சமையலறையில் ஒருவர் பாட்டிலைத் திறந்தபோது நான் அருகில் இருந்ததால் தடுக்க முடிந்தது. எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் சிந்தி நின்றாலும் இதே விளைவுதான், சிறிய அளவில்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது; நம் ஊருக்கு அதுதான் மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன். பதிக்கும் வேலையை மேஸ்திரியிடம் விட்டுவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளை நாம் எடுத்துக்கொள்வது. கல் வந்து இறங்கியதும் கட்டைப் பிரித்து ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்து, விரிசல் உள்ளதையும் மூலை உடைந்ததையும் ஒதுக்குவதற்குத் தொழில் தெரிய வேண்டியதில்லை. கனமான கற்கள், மெல்லிய கற்கள் என்று பிரித்து அடுக்கிக் கொடுத்தால் மேஸ்திரியின் வேலை பாதியாகும். கலவை இல்லாமல் கற்களை அறையில் பரப்பிவைத்து, பச்சை ஓடியது, நீலம் ஓடியது என்று நிறம் பார்த்து இடம் மாற்றி, சுண்ணக்கட்டியால் எண்ணிட்டுவிடலாம். அவசரத்தில் பதிக்கும் எவரும் இதைச் செய்வதில்லை. தளத்தின் அழகில் பாதி இதில்தான் இருக்கிறது. அறை நேர்கோணமாக இருக்கிறதா என்று மூலையிலிருந்து ஒரு சுவரில் மூன்றடி, மற்றதில் நான்கடி அளந்தால் குறுக்கே ஐந்தடி வர வேண்டும் என்ற கணக்கில் நூல் பிடித்துப் பார்ப்பதும் நம்மால் முடிந்ததே. எங்கள் கூடத்தின் ஒரு மூலை ஒன்றரை அங்குலம் விலகியிருந்ததை முன்பே கண்டதால், வெட்டுக்கல் வரிசையைச் சோபா மறைக்கும் பக்கத்துக்குத் தள்ளச் சொல்ல முடிந்தது. பதித்தபின் ஏழு நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வதை எந்த மேஸ்திரியும் வந்து செய்யப்போவதில்லை. அது எப்படியும் வீட்டுக்காரர் வேலை.

நாமே பதிப்பது என்று இறங்குபவர்களுக்கு அனுபவத்தில் கண்ட இரண்டு செய்திகள். சிமென்ட் நீர் பட்ட அரை மணியில் இறுகத் தொடங்கிவிடலாம் என்பதால், இரண்டு கல்லுக்கு வேண்டிய கலவையை மட்டுமே ஒரு முறைக்குக் குழைக்க வேண்டும்; மேஸ்திரி வேகத்தை மனத்தில் வைத்து ஒரு மூட்டையைக் கொட்டிக் கலந்துவிட்டு, நடுவில் இறுகிப்போனதை நீர்விட்டு இளக்கிப் பயன்படுத்தினால் அந்தக் கல் என்றும் பிடிக்காது. அடுத்து, முதல் கல்லுக்கு அரை நாள் செலவானாலும் தயங்கக் கூடாது. டியூப் மட்டத்தால் (நீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற குழாயால்) நான்கு சுவரிலும் ஒரே உயரத்தில் கோடு போட்டு, அதிலிருந்து கீழே அளந்து முதல் வரிசையை நூலுக்குச் சரியாக வைத்துவிட்டால், மற்ற வரிசைகள் அதைப் பின்பற்றும். முதல் வரிசையில் நேர்ந்த மூன்று மில்லிமீட்டர் கோணல், பத்தாவது வரிசையில் விரலகலம் ஆகிவிடும்.

எனவே என் பரிந்துரை இப்படி அமைகிறது. குளியலறை, மாடிப்படி, கிரானைட் அல்லது மார்பிள் போடும் எந்த அறையானாலும் மேஸ்திரி. கூடமும் சமையலறையும் மேஸ்திரி, ஆனால் கல் பிரிப்பதும் பரப்பிப் பார்ப்பதும் ஈரம் காப்பதும் நாம். தாழ்வாரம், பூஜை அறை, சாமான் அறை, வாசல் திண்ணையின் மேற்பரப்பு போன்ற நூறு சதுர அடிக்கு உட்பட்ட நேரான இடங்களை, இடுப்புவலி இல்லாதவர்கள், தூக்க ஒரு துணையாள் இருந்தால், தாராளமாகத் தாமே பதிக்கலாம்.

யார் பதித்தாலும் கணக்கை முடிப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று மிச்சமிருக்கிறது. ஏழாம் நாள், ஒரு ரூபாய் நாணயத்தையோ சிறிய மரச்சுத்தியையோ எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் தட்டிக்கொண்டே போக வேண்டும். அடியில் கலவை நிறைந்திருந்தால் ஓசை கெட்டியாக, அடங்கி வரும். வெற்றிடம் இருந்தால் பானையைத் தட்டியதுபோல் திறந்து கேட்கும். அப்படிக் கேட்ட கல்லின்மேல் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுவிட வேண்டும். கூலியில் ஒரு பகுதியை இந்த நாள் வரை நிறுத்திவைப்பதாக வேலை தொடங்கும்போதே சொல்லிவிட்டால் மேஸ்திரியும் தவறாக நினைக்கமாட்டார். எங்கள் கூடத்தில் வட்டம் விழுந்தவை இரண்டு. அவர் வந்து மறுப்பில்லாமல் பெயர்த்து வைத்துக் கொடுத்தார். என் தாழ்வாரத்தில் ஐந்து வட்டங்கள் விழுந்தன. அவற்றில் மூன்றைப் பெயர்த்து மறுபடியும் பதித்தேன். பாரம் ஏறாத சுவரோரத்தில் இருந்த மற்ற இரண்டை அப்படியே விட்டிருக்கிறேன்; பண்டிகைக்குத் தளம் கழுவும் ஒவ்வொரு முறையும் அவற்றைத் தட்டிப் பார்த்துக்கொள்கிறேன், இதுவரை விரிசல் இல்லை.